கல்லே கிடைக்காத ஊரில் செம்புக்கு என்ன வயது?

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் முதல் பாதிதான் பொருந்தும். நாய் தெருவுக்கு நாலு உண்டு, கல்தான் கிடைக்காது. போர் போடும்போது குழாயில் மேலே வருவதைப் பார்த்தாலே தெரியும்: களி, மணல், மறுபடி களி, கொஞ்சம் சரளை, மறுபடி மணல். நூறு அடி, இருநூறு அடி இறங்கினாலும் பாறையில் இடிக்கும் சத்தம் வராது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது.

ஆனால் உலோகத்துக்குப் பஞ்சமே இல்லாத ஊர்களும் இவைதான். சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, கும்பகோணத்துக் கடைத்தெருவில் வெண்கலப் பானையும் ஈயச் சொம்பும். கோயிலுக்குக் கோயில் உற்சவ மூர்த்திகள். இத்தனைக்கும் இந்த வண்டல் மண்ணில் செம்போ ஈயமோ குந்துமணி அளவுக்குக்கூடக் கிடையாது. எல்லாமே வெளியூர்ச் சரக்கு. அது எங்கே உருவானது, எப்போது உருவானது என்று கேட்டால் பதில் கோடி ஆண்டுக் கணக்கில் வரும். "இந்தச் சிலையின் உலோகம் 170 கோடி ஆண்டு பழமையானது" என்கிற மாதிரி வாக்கியங்களைக் கேட்டிருப்பீர்கள். அது பொய்யில்லை, ஆனால் பாதி வாக்கியம். எதன் வயது என்று சொல்லாதவரை அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் பிறப்பைப் பார்ப்போம்.

ஏன் கூட்டமாகவே வருகின்றன?

செம்பு, ஈயம், துத்தநாகம், வெள்ளி. பூமிக்குள் இவை பெரும்பாலும் தனித்தனியே குடியிருப்பதில்லை. ஒரே பாறையில், ஒரே விரிசலில், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இரண்டு மூன்று உலோகங்களைச் சேர்த்தே வெட்டி எடுக்கக்கூடிய இப்படிப்பட்ட படிவைப் பல உலோகத் தாது என்கிறார்கள். சல்பைடு எனப்படும், கந்தகத்தோடு சேர்ந்த கனிமங்களே இதில் அதிகம். ஈயத்துக்குக் கலீனா, துத்தநாகத்துக்கு ஸ்பேலரைட், செம்புக்குச் சால்கோபைரைட். கலீனா கையில் எடுத்தால் கனக்கும், உடைத்தால் சின்னச் சின்னக் கனசதுரமாகப் பிளந்து பளபளக்கும். வெள்ளி பெரும்பாலும் அதற்குள் ஒளிந்துகொண்டு வரும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒன்று உண்டு. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் மாமண்டூர் என்ற இடத்தில் செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த படிவு இருக்கிறது. பல்லவர் குடைவரை உள்ள மாமண்டூர் வேறு, அது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பூமியின் மேலோட்டில் சாதாரணமாக ஒரு டன் பாறையை எடுத்தால் அதில் செம்பு ஏறக்குறைய 50 கிராம் இருக்கும், துத்தநாகம் 70 கிராம், ஈயம் பத்துப் பதினைந்து கிராம். சுரங்கம் வெட்டிக் கட்டுப்படியாக வேண்டுமென்றால் டன்னுக்குச் சில கிலோவாவது, ஈயம் துத்தநாகம் என்றால் பல பத்துக் கிலோ தேவை. அதாவது எங்கெங்கோ சிதறிக் கிடப்பதை யாரோ வாரி ஓரிடத்தில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு குவித்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது தண்ணீர். சூடான, உப்பான தண்ணீர்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காவிரி எங்கிருந்தோ அரித்துக்கொண்டு வருகிறது, வேகம் இருக்கும்வரை சுமக்கிறது, வேகம் குறைந்த இடத்தில் இறக்கிவிடுகிறது. கனமானது முன்னாடி, லேசானது பின்னாடி: முதலில் கூழாங்கல், அப்புறம் மணல், கடைசியில் களி. பூமிக்குள் ஓடும் வெந்நீரும் இப்படித்தான், ஆனால் அதைச் சுமக்க வைப்பது வேகம் இல்லை, சூடும் உப்பும். உப்பில் இருக்கும் குளோரின் உலோக அணுக்களைப் பிடித்துக்கொண்டு கரைசலில் நிறுத்துகிறது. சூடு குறைந்தால், அல்லது கந்தகம் உள்ள இடத்தில் போய் மோதினால், பிடி தளர்கிறது. செம்பு பெரும்பாலும் 300 டிகிரிக்கு மேலேயே இறங்கிவிடும். துத்தநாகமும் ஈயமும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்து 250 டிகிரி, அதற்கும் கீழே ஆறிய பிறகு இறங்கும். அதனால்தான் பல படிவுகளில் சூடான நடுப்பகுதியில் செம்பும், விளிம்பில் துத்தநாகமும் ஈயமும் இருக்கின்றன. சுண்ணாம்புப் பாறையோடு வினைபுரிவது, கொதித்து ஆவி பிரிவது, குளிர்ந்த நீரோடு கலப்பது என்று வேறு காரணங்களும் உண்டு.

இது வெறும் ஊகமாக இருந்த காலம் போய், கண்ணால் பார்த்த ஆண்டு 1979. பசிபிக் கடலின் கிழக்குப் பகுதி மலைத்தொடரில், ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் போனவர்கள் கடலடியில் புகைபோக்கிகள் நிற்பதைக் கண்டார்கள். அவற்றின் வாயிலிருந்து 350 டிகிரி சூட்டில் கருப்பாக ஏதோ பீறிட்டது. புகை மாதிரி தெரிந்தது புகையே இல்லை. குளிர்ந்த கடல்நீரில் பட்டதும் அந்த நிமிஷமே படிந்த கந்தகத் தாதுத் துகள்கள். செம்பும் துத்தநாகமும் கண்முன்னே தாதுவாகிக்கொண்டிருந்தன. இந்தியப் பெருங்கடலின் நடுமலைத் தொடர்களிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. அங்கே 10,000 சதுர கிலோமீட்டரில் பல உலோகச் சல்பைடுகளைத் தேட, சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு இந்தியா 2016இல் ஒப்பந்தம் போட்டது.

ராஜஸ்தானத்தின் ஜாவர், ராம்புரா ஆகுச்சா, ராஜ்புரா தாரிபா ஆகியவற்றை இதற்குக் கொஞ்சம் தூரத்து உறவு எனலாம். அங்கே பங்கு அதிகம் எரிமலைக்கு இல்லை, பழங்காலக் கடல் வண்டலுக்கு. இன்று இந்தியாவின் ஈயமும் துத்தநாகமும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன.

பொங்கலா, சாம்பார் சாதமா?

சரி, வயதுக்கு வருவோம். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பாறையின் வயதும் அதற்குள் இருக்கும் தாதுவின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொங்கலில் அரிசியும் பருப்பும் ஒன்றாகவே வெந்தவை. சாம்பார் சாதத்தில் சோறு முதலில் வெந்தது, சாம்பார் அப்புறம் ஊற்றியது. கடலடியில் வண்டலோடு வண்டலாகப் படிந்த தாது பொங்கல் ரகம். கெட்டியான பாறை வெடித்து, அந்த விரிசலில் வெந்நீர் புகுந்து விட்டுப்போன தாது சாம்பார் ரகம். தாது எந்த ரகம் என்று புவியியலாளர்கள் பல சுரங்கங்களைப் பற்றித் தலைமுறைக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள், சில சண்டைகள் இன்னும் முடியவில்லை.

மூன்றாவது ரகமும் இருக்கிறது. நேற்று வைத்ததை இன்று மறுபடி அடுப்பேற்றினால் எது எதோடு வெந்தது என்று யார் சொல்வது? மாமண்டூர் இந்தக் கேஸ். தமிழ்நாட்டின் வடபாதியில் உள்ள பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்து கிரானுலைட் என்ற உருமாறிய பாறை ஆனவை. காவிரிக்குத் தெற்கே உள்ளவற்றில் 55 கோடி ஆண்டுக்கு முந்தைய இன்னொரு வேக்காட்டின் தடமும் பலமாக இருக்கிறது. இந்தச் சூட்டில் சல்பைடுகள் சுற்றியுள்ள பாறையைவிடச் சீக்கிரம் இளகி, நகர்ந்து, கிடைத்த விரிசலில் புகுந்துவிடும். பார்வைக்குச் சாம்பார் ரகம் போலத் தெரியும், பிறப்பில் பொங்கலாக இருக்கலாம். அதைக் கையில் எடுத்து வயது அளந்தால் கிடைப்பது பிறந்த தேதியா, கடைசியாக அடுப்பேறிய தேதியா?

பாறையின் வயதை அளக்க நல்ல கடிகாரம் உண்டு. சிர்க்கான் என்ற கனிமம். உருவாகும்போதே யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொண்டு ஈயத்தை வெளியே தள்ளிவிடும். பின்னால் அதில் சேரும் ஈயம் எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்ததுதான், எனவே எண்ணிவிடலாம். நம் காவிரி மணலிலேயே சிர்க்கான் துகள்கள் கிடக்கின்றன. மேற்கே மலையில் பிறந்த தேதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருவையாறு வரை வந்து சேர்ந்தவை.

தாதுவுக்கு இந்த வசதி குறைவு. கலீனா, ஸ்பேலரைட், சால்கோபைரைட் எதிலும் அப்படி ஒரு நல்ல கடிகாரம் இல்லை. கூடவே மாலிப்டினைட் என்ற கனிமம் இருந்தால் அதிர்ஷ்டம். அது ரீனியம் என்ற அரிய உலோகத்தை வாங்கும், ஆஸ்மியம் என்ற இன்னொன்றைக் கிட்டத்தட்ட வாங்கவே வாங்காது. ரீனியம்-187 சிதைந்து ஆஸ்மியம்-187 ஆகிறது, அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 4,160 கோடி ஆண்டு, பிரபஞ்சத்தின் வயதைப்போல மூன்று மடங்கு. அவ்வளவு மெதுவாக ஓடும் கடிகாரத்தையும் இன்றைய கருவிகள் படித்துவிடுகின்றன. மாலிப்டினைட் இல்லாத இடத்தில் பழைய வழிதான்: ஈயத்திடமே கேட்பது.

மடை அடைத்த நேரம்

ஈயத்துக்கு நிலையான நான்கு ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் நான்கு அணு வகைகள். ஈயம்-204 ஆதியிலிருந்து இருப்பது, கூடுவதில்லை குறைவதில்லை. மற்ற மூன்றும் காலம் போகப்போகக் கூடும். யுரேனியம்-238 சிதைந்து ஈயம்-206 ஆகிறது, அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235 வேகமானது, 70 கோடி ஆண்டு, அது ஈயம்-207 ஆகிறது. தோரியம்-232 சோம்பேறி, 1,400 கோடி ஆண்டு எடுத்து ஈயம்-208 ஆகிறது.

பாறைக்குள் மூன்று வாய்க்காலிலிருந்து ஒரு குளத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் வந்து ஈயத்தை மட்டும் பிரித்தெடுத்துப் போய்க் கலீனாவாகப் படிய வைக்கிறது. கலீனாவுக்குள் யுரேனியமும் தோரியமும் இல்லை என்றே சொல்லலாம். மூன்று மடையும் ஒரே நேரத்தில் அடைபட்டன. அதன் பிறகு அந்த ஈயத்தின் விகிதம் மாறவே மாறாது. எந்த அளவில் நின்றது என்று பார்த்தால் எப்போது அடைத்தார்கள் என்று கணக்குப் போடலாம்.

ஆர்தர் ஹோம்ஸும் ஹூட்டர்மான்ஸும் 1946இல், ஒருவருக்கொருவர் தெரியாமல், இந்தக் கணக்கைப் போட்டார்கள். 1956இல் கிளேர் பாட்டர்சன் அதே ஈயத்தை விண்கல்லில் அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்றார். அந்த எண் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. 1975இல் ஸ்டேசியும் கிராமர்ஸும் கணக்கை இரண்டு கட்டமாகத் திருத்தினார்கள். பெரிய சல்பைடுப் படிவுகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ராஜஸ்தான் சுரங்கங்களின் கலீனா 170 முதல் 180 கோடி ஆண்டு என்கிற வயதைச் சொல்வது இந்த வழியில்தான்.

ஆனால் கணக்கு ஒன்றை நம்பி நிற்கிறது: ஈயம் வந்த பாறை, பூமியின் சராசரிப் பாறை மாதிரியே யுரேனியம் வைத்திருந்தது என்று. அப்படி இல்லாத இடத்தில் வேடிக்கையாகிவிடும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாப்லின் பக்கத்துக் கலீனாவை அளந்தால் வயது எதிர்மறையில் வருகிறது. அதாவது அந்தத் தாது இனிமேல்தான் பிறக்கப்போகிறது! யுரேனியம் அதிகமான பாறையிலிருந்து ஈயத்தைச் சேகரித்துக்கொண்டு வந்ததால் குளம் அளவுக்கு மீறி நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு இந்த முறைமேல் நம்பிக்கை வந்ததே இந்த உதாரணத்தைப் படித்த பிறகுதான். தப்பான விடையை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும் முறை, சரியான மாதிரி தோன்றும் தப்பைக் கொடுக்கும் முறையைவிட எவ்வளவோ மேல்.

இப்போது சிலைக்கு வரலாம்.

உருக்கினாலும் வார்த்தாலும் ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் மாறுவதில்லை. மூசை என்ற உருக்கும் கிண்ணத்தில் ஊற்றினாலும் வார்ப்பு அச்சில் ஊற்றினாலும் சுரங்கத்தின் கையெழுத்து அப்படியே இருக்கும். பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனத்தின் சாரதா சீனிவாசன் நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியப் படிமங்களின் உலோகத்தை ஆராய்ந்தவர். பலவற்றில் ஈய ஐசோடோப்பையும் அளந்தார். பல்லவர், முற்காலச் சோழர், பிற்காலச் சோழர், விஜயநகரம் என்று காலத்துக்கேற்ப விகிதங்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிவது தெரிந்தது. பாணியை வைத்து மட்டும் காலம் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் இது புதுச் சாட்சி. பஞ்சலோகம் என்று நாம் சொன்னாலும் சோழர் படிமங்கள் பெரும்பாலும் ஈயம் கலந்த வெண்கலமே, பொன்னும் வெள்ளியும் சொல்லத்தக்க அளவில் இல்லை என்பதும் அவர் ஆய்வில் தெரிந்தது.

இதில் ஒரு பொடி வைத்திருக்கிறது, அவசரத்தில் பலர் தவறவிடுவது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். அதில் காரீயத்தை, அதாவது இதுவரை ஈயம் என்று சொன்னதை, வேண்டுமென்றே சேர்த்திருந்தால், அளக்கும் ஈயம் சொல்வது காரீயச் சுரங்கத்தின் கதையை. செம்பு எங்கிருந்து வந்தது என்று அது வாயே திறக்காது. வெள்ளீயம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லாது.

வெள்ளீயம் தனிக் கதை. நம் வீட்டு ஈயச் சொம்பில் இருப்பது அதுதான், காரீயம் இல்லை. காரீயம் விஷம். சொம்பில் முதலில் ரசத்தை ஊற்று, அப்புறம் அடுப்பைப் பற்றவை என்று வீட்டில் அதட்டுவதற்குக் காரணம், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தவர் அப்புறம் கூழாகக் கிடக்கும் ஈயத்தைத்தான் வழித்தெடுக்க வேண்டும். இந்தியாவில் வெள்ளீயத் தாது மிகக் குறைவு, சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கம் கொஞ்சம் உண்டு. உலகத்தின் பெரிய வெள்ளீயப் பட்டை பர்மாவிலிருந்து மலேயா வழியாக இந்தோனேசியத் தீவுகள் வரை ஓடுகிறது. மலேயாவின் நடுமலைக் கிரானைட்டுகளோடு வந்த தாது அது, வயது சுமார் 20 முதல் 23 கோடி ஆண்டு. ராஜஸ்தான் ஈயத்தோடு ஒப்பிட்டால் கைக்குழந்தை.

அந்தப் பட்டையின் நடுவில்தான் கடாரம் இருக்கிறது. ராஜேந்திரன் 1025 வாக்கில் படை அனுப்பிய அதே கடாரம். அதற்கு முன்பே ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியிருந்தார். ஜாவாக் கடலில் மூழ்கிக் கிடந்த பத்தாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றில் வெள்ளீயப் பாளங்கள் கிடைத்தன. சோழர் படிமத்தில் உள்ள வெள்ளீயம் கடாரத்துப் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் நாகப்பட்டினத்தில் நின்றுகொண்டு யோசித்தால் கிழக்கைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

இந்த வயதுகளுக்கு மேலே இன்னும் இரண்டு உண்டு. தாதுவை மனிதன் வெட்டியது எப்போது? ராஜஸ்தானின் பழைய சுரங்கங்களுக்குள் முட்டுக்கொடுத்த மரங்கள் கிடைத்தன. கார்பன் முறையில் அளந்தபோது அவை இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை. அடுத்து, சிலை வார்த்தது எப்போது? இது டெல்டாவுக்கு வெறும் அறிவுப்பசி இல்லை. திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூர் நடராஜர் லண்டன் நீதிமன்றம் வரை போய் 1991இல் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் வந்தார். அசல் எது, போன வருஷம் வார்த்து அமிலத்தில் ஊறவைத்தது எது என்று கேட்க வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

வார்ப்பின் வயதை அளப்பது ஆச்சரியமான அளவுக்குக் கஷ்டம். உள்ளே மண் கரு உள்ள சிலையென்றால் அந்தச் சுட்ட மண்ணை வெப்ப ஒளிர்வு முறையில், அதாவது சூடாக்கும்போது அது விடும் ஒளியை வைத்து, அளக்கலாம். சோழர் உற்சவ மூர்த்திகளோ பெரும்பாலும் கனமாக, உள்ளே வெற்றிடமே இல்லாமல் வார்த்தவை. அந்த வழி அடைபட்டுவிட்டது. மிஞ்சுவது ஈயத்தின் ஐந்தாவது ஆள்: ஈயம்-210. அரை ஆயுள் வெறும் 22 ஆண்டு. தாதுவில் இருக்கும்வரை யுரேனியத்தின் வழித்தோன்றல்கள் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். உருக்கிப் பிரித்ததும் தீனி நின்றுவிடும், ஒன்றரை நூற்றாண்டில் அது ஏறக்குறைய காலி. எனவே ஈயத்தில் அது கணிசமாக மிச்சமிருந்தால், அது அண்மையில் உருக்கிய ஈயம். பழைய ஓவியம் என்று விற்ற போலிகளை ஐரோப்பாவில் இப்படிப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் புதுச் சிலையைப் பழைய ஈயத்தில் வார்த்தால் இந்தச் சோதனையும் ஏமாறும். உடைந்த கோயில் மணியையும் ஓட்டைப் பானையையும் உருக்கி வார்ப்பது பட்டறைகளில் என்றைக்கும் உள்ள வழக்கம்தானே. மூன்று சுரங்கத்து ஈயம் ஒரே மூசையில் கலந்துவிட்டால் ஐசோடோப்பு விகிதமும் மூன்றுக்கும் நடுவில், எந்தச் சுரங்கத்துக்கும் பொருந்தாத ஓரிடத்தில் போய் நிற்கும்.

சுவாமிமலையில் வார்ப்பு நடக்கும்போது, சிலை செய்யச் சொன்ன வீட்டார் வந்து நின்று, காதுத்தோட்டையோ சின்ன மோதிரத்தையோ கழற்றி உருகும் உலோகத்தில் போடுவதுண்டு. பொன்னில் ஈயம் அநேகமாக இருக்காது. நாளைக்கு அந்தச் சிலையைச் சுரண்டி எடுத்து எந்தக் கருவியில் வைத்து ஈயத்தை அளந்தாலும், அந்தத் தோடு விகிதத்தைத் துளிகூட அசைக்காது.